எடைக்கல் வீட்டு அடிப்பிடித்த சோறு

எங்கள் தெருவில் அவரை எல்லோரும் எடைக்கல் என்றுதான் கூப்பிடுவோம். தராசு பழுதுபார்ப்பது தொழில். என் மளிகைக்கடைத் தராசு முதல் பழைய பேப்பர்க்காரரின் தொங்கு தராசு வரை, இந்த வட்டாரத்தில் அவர் கை படாத தராசு கிடையாது. ஐந்து கிராம் பிசகினாலும் மனிதருக்குத் தூக்கம் வராது. ஒருமுறை விளையாட்டாக, "கொஞ்சம் என் பக்கமா சாய்ச்சு வையேன்" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் அவர் முகத்தில் விழிக்க முடியாமல் திரிந்தேன். அப்படிப்பட்டவர் தன் வீட்டுச் சமையலில் வேண்டுமென்றே ஒரு தப்பைத் தினமும் செய்ய வேண்டியதாயிற்று. பாதி அவர் வாயால் கேட்டது, பாதி நான் கண்ணால் பார்த்தது.

அவர் மனைவிக்குத் தொலைதூரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு வருட வேலை கிடைத்தது. பத்து வயது மகனையும், சிட்டு என்று நாங்கள் கூப்பிடும் ஆறு வயது மகளையும் கணவரிடம் விட்டுவிட்டுப் போனார். என் கடைக்கு நேர் மேலே இரண்டாவது மாடியில் வீடு. இரண்டு அறை, ஆள் நின்றால் அடுப்பு தெரியாத ஒரு சமையலறை.

போன பிறகு தொலைபேசியில் சமையல் பாடம் நடந்தது. அரிசி, பயறு, கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே பாத்திரத்தில் வேகிற சோறுதான் அந்த வீட்டு ராத்திரிச் சாப்பாடு. வயிறு நிறையும், வேலையும் குறைவு. அவர் தராசுச் சோதனைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

"ஒரு கைப்பிடி பயறுன்னா எத்தனை கிராம்?"

"என் கை எத்தனை கிராம் பிடிக்கும்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்று மனைவி சிரித்தாராம். கடைசியாகச் சொன்னது இது: "அடிப்பிடிக்காமப் பாத்துக்கங்க. நான்தான் தினமும் கோட்டை விட்டேன். நீங்களாவது பிள்ளைங்களுக்கு நல்ல சோறாப் போடுங்க."

அது உண்மைதான். அந்த அம்மாள் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டுத் துணி மடிக்கப் போவார், பையனின் கணக்கைப் பார்க்க உட்கார்வார். தீய்ந்த வாசனை மாடிப்படி இறங்கி என் கடைக்கு வந்த பிறகுதான் அவருக்குப் பாத்திரம் ஞாபகம் வரும்.

எடைக்கல் சும்மா இருப்பாரா. பித்தளை எடைக்கற்களை வைத்து அரிசியை நிறுத்தார், உப்பை நிறுத்தார். அடுப்பை விட்டு அசையாமல், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கிளறினார். ஒரு பருக்கை ஒட்டவில்லை. எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. அந்த அம்மாள் செய்வதைவிட நன்றாகவே இருந்தது. நான் சொன்னதாக அவரிடம் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

பிள்ளைகள் சாப்பிடவில்லை. பெரியவன் நாலு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளுவான். சிட்டு ஒரு வாயைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு கால் மணி நேரம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அவர் முட்டை பொரித்தார், நூடுல்ஸ் செய்தார், உருளைக்கிழங்கை நட்சத்திரமாக நறுக்கினார். எதுவும் இரண்டு நாளைக்கு மேல் ஓடவில்லை. என்னிடம் யோசனை கேட்டார். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. "பசிச்சா தன்னால சாப்பிடும். ஒரு வேளை கண்டுக்காம விட்டுப் பாரு" என்றேன். விட்டுப் பார்த்தார். சிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வெறும் வயிற்றோடு போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒன்றும் சொல்லாமல் ரொட்டி வாங்கிக்கொண்டு போனார். அந்த வாயை நான் திறந்திருக்க வேண்டாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

நாலாவது மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்தது. சிட்டுவின் எடை பதினைந்து கிலோ இருநூறு. ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறது, கவனிக்கவும். ஊரார் சாமான் எல்லாவற்றுக்கும் எடை சரிபார்க்கிறவருக்கு அந்தச் சீட்டு எப்படி இருந்திருக்கும். அந்த ஞாயிறு பார்த்துப் பிள்ளைகளின் பெரியம்மா வந்தார், மனைவியின் அக்கா. சீட்டைப் படித்தார். சிட்டுவைத் தூக்கிப் பார்த்து இறக்கிவிட்டார்.

"தம்பி, உங்களைக் குறை சொல்லல. ஆனா பிள்ளை பஞ்சு மாதிரி இருக்கு. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வரேன். எடை ஏறலைன்னா ரெண்டு பேரையும் எங்கூட அனுப்பிடுங்க."

"சரிங்க அண்ணி" என்றார் அவர். வேறென்ன சொல்ல முடியும். பெரியம்மா வீடு ஒரு நாள் பயணம். பிள்ளைகள் போனால் வருடப் பரீட்சை முடிந்துதான் முகம் பார்க்கலாம். அவர் கையைப் பிசைந்துகொண்டு என் கடை வாசலில் நின்றது என் கண்ணிலேயே இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து என் தராசு மக்கர் செய்தது. அவசரம் என்று சாயங்காலமே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு முன்னறையில் தராசைப் பிரித்து உட்கார்ந்தார். தராசைப் பிரித்துவிட்டால் அவருக்கு உலகம் மறந்துவிடும். தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் இருவரும் நிமிர்ந்தோம்.

அதற்குள் உள்ளறையிலிருந்து சிட்டு ஓடி வந்தாள். "அம்மா வந்துட்டாங்களா?"

சமையலறையில் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். குளியலறையைத் திறந்து பார்த்தாள். பெரியவனும் புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்தவன், எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டான். 

"சோறு தீஞ்சுபோச்சும்மா. அப்பா ரொட்டி வாங்கிட்டு வரேன்" என்று எடைக்கல் அடுப்பை அணைத்தார். சிட்டு தானே தட்டை எடுத்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிப் போடச் சொன்னாள். பெரியவனும் தட்டை வழித்தான்.

மறுநாள் அவர் என் கடை அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "அவ சோத்துல ஒரே ஒரு தப்புதான் இருந்தது. நாலு மாசமா அதைத்தான் நான் பாத்துப் பாத்து எடுத்துட்டே இருந்திருக்கேன்."

அன்று முதல் வேண்டுமென்றே அடிப்பிடிக்க விட்டார். அதற்கு ஏது எடைக்கல். இரண்டு நாள் கரியாகிக் கசந்து, பிள்ளைகள் தொடவில்லை. பிறகு ஒரு கணக்குக்கு வந்தது, பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஆனால் அவர் முகம் தெளியவில்லை.

"இன்னும் என்ன?" என்றேன்.

"தினமும் ஓடி வர்றா. அம்மா இல்லேன்னு அவளுக்குத் தெரியும். இருந்தாலும் வாசனை வந்ததும் வந்து எட்டிப் பாத்துட்டு, நான்தான்னு தெரிஞ்சதும் தட்டெடுக்கப் போறா. தீய விடலைன்னா சாப்பிடமாட்டா. தீய விட்டா ஓடி வர்றா. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டேன். யாரோ கேட்ட சர்க்கரையை நிறுத்துக் கொடுத்தேன்.

மாசக் கடைசி ஞாயிறு பெரியம்மா பெரிய பை ஒன்றோடு வந்தார். பிள்ளைகளின் துணிக்கு. எடைக்கல் சோற்றை அடுப்பில் ஏற்றிவிட்டுத் தன் தராசை எடுத்து வந்தார்.

"உங்க தராசு வேணாம் தம்பி. கடைக்காரர் தராசைக் கொண்டாரச் சொல்லுங்க."

மூட்டை நிறுக்கிற என் மேடைத் தராசைத் தூக்கிக்கொண்டு போனேன். சிட்டு ஏறி நின்றாள். பதினைந்து கிலோ தொள்ளாயிரம்.

"எழுநூறு கிராம் ஏறியிருக்கு அண்ணி."

பெரியம்மா என்னைப் பார்த்தார். "இதை யாரு சரி பண்றது?"

பொய் சொல்ல நினைத்தேன், வரவில்லை. "இவர்தாம்மா" என்றேன்.

பெரியம்மா மேலே ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் போதுமாயிற்றே. என்னிடம் ஐந்து கிராம் விட்டுக்கொடுக்காத மனிதர், முகம் தொங்கிப்போய் அந்த எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த கோபத்துக்குப் பெரியம்மாவை ஏதாவது கேட்டிருப்பேன். அப்போது உள்ளிருந்து தீய்ந்த வாசனை வந்தது.

சிட்டு தராசிலிருந்து குதித்து ஓடினாள். எண் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. சமையலறையில் எட்டிப் பார்த்தாள், கதவுக்குப் பின்னால் பார்த்தாள், தட்டோடு திரும்பி வந்தாள். பெரியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"தீஞ்ச சோத்தையா பிள்ளைங்களுக்குப் போடுறீங்க? பெரியவனே, துணியை எடுத்து வை."

"சாப்பிட்டுட்டுப் போகட்டும் அண்ணி" என்றார் எடைக்கல். அதற்கு மேல் கேட்க அவருக்குத் தெரியவில்லை.

பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சிட்டு இரண்டாவது தடவை நீட்டினாள். பெரியம்மா, "அப்படி என்னதான் இருக்கு இதுல" என்று ஒரு வாய் எடுத்துப் போட்டார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். பிறகு சிட்டு எட்டிப் பார்த்த கதவைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மனைவியின் போன். பெரியம்மாதான் எடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, சாப்பிடுறாங்களா பிள்ளைங்க?"

"ரெண்டாவது தட்டு ஓடுது."

"அவர் பொறுமையா செய்வாருக்கா. நானும் இங்க கத்துக்கிட்டேன். மணி அடிக்கிற அடுப்பு. இத்தனை மாசத்துல ஒரு நாள்கூட அடிப்பிடிக்கல. வந்ததும் என் பிள்ளைங்களுக்கு இனி தீயாத சோறுதான்."

"வேணாம்மா" என்று பெரியவன் மெதுவாகச் சொன்னான். அந்தப் பக்கம் கேட்டிருக்காது.

பெரியம்மா பையை நாலாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு கிளம்பினார். படியில், "மன்னிச்சுடுங்க தம்பி" என்றார்.

மறுநாள் சாயங்காலம் என் தராசை எடுத்துவர மேலே போனேன். எடைக்கல் கரண்டியோடு அடுப்பு முன்னால் நின்றிருந்தார். வாசனை கிளம்பியது. ஓடி வந்த சிட்டு என்னைத் தாண்டிப் போய்ச் சமையலறை வாசலில் நின்றாள். இருட்டத் தொடங்கியிருந்தது, இன்னும் விளக்குப் போடவில்லை. அவர் அவளுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார், திரும்பவில்லை. அவளும் கூப்பிடவில்லை. சோறு அடிப்பிடித்துக்கொண்டே இருந்தது.

கடைசியில், "தட்டை எடும்மா" என்றார்.

அந்த அம்மாள் வர இன்னும் பத்தொன்பது மாதம் இருக்கிறது.