முட்டாண்டி அழமாட்டான்

பேருந்து நிலையத்தில் அவளை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி எந்த நடைமேடை, எது தாமதம், எது ரத்து என்று கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள். தேன் குரல் என்றெல்லாம் சொல்ல முடியாது. ஆனால் இன்ஜின் இரைச்சலைத் தாண்டி வந்து காதில் விழும். ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்கிவிட்ட ஓட்டுநர் ஒருவரை, "குறட்டை விட்டுக்கொண்டிருக்கும் வண்டி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்" என்று அறிவித்தே எழுப்பியிருக்கிறாள்.

அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். பயப்படும்படியான கட்டி இல்லை என்று தெரிந்ததும் வீடே பெருமூச்சு விட்டது. ஆனால் நரம்பு ஒன்று அடிபட்டுவிட்டது. குரல் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் மருத்துவர். திரும்பத்தான் செய்தது. ஆனால் பழைய குரல் அல்ல, சரளைக் கல்லின் மேல் தகரத்தைப் போட்டு இழுப்பது போன்ற ஒன்று.

நிலைய மேலாளர் நல்ல மனிதர்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, தொலைந்த பொருட்கள் அறைக்கு மாற்றியிருப்பதாகச் சொன்னார். "பயணிங்க பயந்துடக் கூடாது பாருங்கம்மா" என்றார். குடைகளும் பைகளும் ஒற்றைச் செருப்புகளும் அடைந்து கிடந்த அந்த அறையில் பேச வேண்டிய வேலையே இல்லை.

வீட்டிலும் அப்படியே ஆனது. மாடிப் பகுதியில் இருந்த நாத்தனார் ஒருநாள் இறங்கி வந்து, "அண்ணி, போன் வந்தா நீங்க எடுக்காதீங்க. வாடகைக்கு வீடு கேட்டுக் கூப்பிடறவங்க, ஏதோ ரவுடி வீடுன்னு நெனச்சு வச்சுடறாங்க" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆனாலும் தைத்தது. அன்றிலிருந்து அவள் தலையாட்டலிலேயே காலத்தை ஓட்டினாள். கணவர் லிப்ட் பழுது பார்ப்பவர். இயல்பிலேயே வாய் திறக்காத மனிதர். "ரெண்டு பேரும் ஊமையாட்டம் இருந்தா இந்த வீட்டுல யார்தான் பேசறது?" என்று அவரே ஒருநாள் கேட்டுவிட்டார். அதற்கும் அவள் தலையைத்தான் ஆட்டினாள்.

ஒரு மதியம், தன் பை என்று சொல்லிக்கொண்டு ஒரு ஆள் வந்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் சைகையால் கேட்டாள். துணிமணி என்றான். அதில் இருந்தது யாரோ ஒரு நோயாளியின் மருந்துகளும் எக்ஸ்ரே உறையும். அவள் தலையசைத்து மறுத்தாள். ஊமை என்று நினைத்துவிட்டானோ என்னவோ, அவன் மேசைமேல் எட்டிப் பையைப் பிடித்து இழுத்தான்.

"வைய்யா கீழ."

அடக்கி வைத்திருந்த மாதங்களெல்லாம் சேர்ந்து அந்த இரண்டு சொல்லில் வெளியே வந்தன. வெளியே வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பையைப் போட்டுவிட்டுப் போன வேகத்தில் வாசல் கதவு இரண்டு முறை அடித்துக்கொண்டது.

அவனுக்குப் பின்னால் நின்ற தாடிக்காரர், தொலைத்த ஹெட்போனைத் தேடி வந்தவர். அதை மறந்துவிட்டு அவளையே பார்த்தார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. அதே மாதிரி இன்னொரு தடவை கத்த முடியுமா?"

"உங்க பொருளை எடுத்துக்கிட்டு நடையைக் கட்டுங்க."

தாடிக்காரர் நகரவில்லை. செல்போன் விளையாட்டு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் ஒலி அமைப்பது தன் வேலை என்றார். அந்த விளையாட்டில் விதவிதமான பிராணிகளைப் பிடித்து வளர்த்து, ஒன்றோடொன்று மோதவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனிக் குரல். ஒன்றுக்கு மட்டும் எதுவுமே பொருந்தவில்லை. கரடியைப் பார்த்தாயிற்று, மரம் அறுக்கும் இயந்திரத்தைக்கூடப் பார்த்தாயிற்று.

போனில் படத்தைக் காட்டினார். குட்டைக் கால்கள், தூண் போன்ற கழுத்து, கடாவின் முகம். ஒரு கொம்பு பாதியில் ஒடிந்திருந்தது.

"பேரு முட்டாண்டி."

"முட்டாளா?"

"முட்டறதால முட்டாண்டி."

"கொம்பு ஏன் ஒடிஞ்சிருக்கு?"

"அது அப்படித்தான். ஒடிஞ்ச பக்கத்தால முட்டினாத்தான் அவனுக்குப் பலம்."

அவள் போனை வாங்கி அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்த்தாள்.

வீட்டில் விஷயம் தெரிந்தபோது நாத்தனார் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "மிருகமாவா? நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா அண்ணி?"

"சிரிக்கட்டும்" என்றாள். நெடுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் வாய்திறந்து சொன்ன பதில் அதுதான். கணவர் சோற்றைப் பிசைந்தபடியே, "போயிட்டு வா. சும்மா கெடக்குற சத்தம்தானே" என்றார்.

பதிவறையின் சுவர்களில் மெத்தை ஒட்டியதுபோல் பஞ்சுப் பலகைகள் இருந்தன. எவ்வளவு கத்தினாலும் வெளியே போகாது என்றார் தாடிக்காரர். முதல் குரல் முட்டாண்டி களத்தில் இறங்கும்போது. இரண்டாவது அடிபடும்போது. இரண்டையும் அவள் ஒரே மூச்சில் கொடுத்தாள். கண்ணாடிக்கு அப்பால் தாடிக்காரர் தன் கை மயிர் சிலிர்த்திருப்பதைக் காட்டினார்.

"கடைசியா, தோத்து விழும்போது. கொஞ்சம் தேஞ்சு, முனகற மாதிரி. எல்லாப் பிராணிக்கும் அப்படித்தான்."

அவள் வாய் திறந்தாள். முனகல் வரவில்லை. ஒரு உறுமல்தான் வந்தது, முன்பு வந்ததைவிடப் பெரிதாக. மறுபடி கேட்டார். மறுபடியும் அதே.

"வரலையாக்கா?"

"வரும். தரமாட்டேன்."

கொஞ்ச நாளில் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. நீள மேசையின் தலைப்பக்கத்தில் விளையாட்டை வடிவமைத்த குழுவின் தலைவி உட்கார்ந்திருந்தாள். நேராக விஷயத்துக்கு வந்தாள். விளையாடிப் பார்த்தவர்கள் குழம்புகிறார்கள். முட்டாண்டி விழுந்த பிறகும் உறுமுவதால், இன்னும் உயிர் இருக்கிறது என்று நினைத்துப் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். கடைசிக் குரலை மட்டும் வேறொருவரை வைத்து எடுத்துக்கொள்கிறோம், உங்களுக்கு ஆட்சேபணை இருக்காதே?

"இருக்கு."

அந்தக் குரலை நேரில் கேட்டிராதவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"குழந்தைங்க விளையாடறது மேடம். பயந்துடுவாங்க" என்றாள் தலைவி.

"இதே வார்த்தையைச் சொல்லித்தான் என்னை மைக்லேருந்து எழுப்பினாங்க. பயணிங்க பயப்படுவாங்கன்னு. எந்தப் பயணியும் வந்து பயந்தேன்னு சொல்லலை." தண்ணீர் குடித்தாள். இருமல் வந்தது. அது அடங்கும்வரை எல்லோரையும் காத்திருக்க வைத்துவிட்டுத் தொடர்ந்தாள். "அடிபட்டு விழறவங்க எல்லாரும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டேதான் விழணுமா? என் குரல் வேணும்னா மூணும் வேணும். இல்லேன்னா மூணும் வேணாம். பாதி என் தொண்டை, பாதி இன்னொருத்தி தொண்டைன்னு ஒரு உயிர் இருக்காது."

"ஆனா அவன் விழுந்துட்டானே" என்றாள் தலைவி. குரலில் எரிச்சல் எட்டிப் பார்த்தது.

"அப்போ எழுந்திரிக்க விடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. தாடிக்காரர் மட்டும் மேசைக்கடியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். தலைவி, அது விளையாட்டின் கணக்கையே குலைத்துவிடும் என்றாள். எழுந்துகொண்டே இருக்கிற ஒன்றை யாராலும் ஜெயிக்க முடியாது, அப்புறம் எதற்கு விளையாட்டு? அதில் நியாயம் இருப்பது அவளுக்கும் புரிந்தது. பேச்சு இழுபறியாக நடந்தது. ஒருவர் எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்தார். முடிவில், ஒரு சண்டைக்கு ஒரே ஒரு முறை எழலாம் என்று தலைவி இறங்கி வந்தாள். அப்போது அந்த உறுமல் இருக்கும். இரண்டாவது முறை விழுந்தால் விழுந்ததுதான்.

"ரெண்டாவது தடவை என்ன சத்தம்?"

"நீங்களே சொல்லுங்க."

அவள் யோசித்தாள். "ஒண்ணும் வேணாம். சத்தமில்லாம விழட்டும். அழ மட்டும் கூடாது."

விளையாட்டு வெளிவந்தது. பெரிய பெரிய பிராணிகள் இருக்க, முட்டாண்டியை விரும்பி எடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் பேர் விடாக்கண்டர்களாக இருந்தார்கள். வலிமையான எதிரியிடம் அதைத்தான் அனுப்புவோம் என்று பிடிவாதம் பிடித்தார்கள். நிறுவனம் அவளை இன்னொரு பிராணிக்குக் கூப்பிட்டது. கண்ணீர் விட்டே எதிரியை மயக்கும் ஒரு நீர்ப்பிராணி. அது தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டாள்.

கணவர் இதையெல்லாம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு விடுமுறை நாள் காலை, அவள் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தபோது, கூடத்திலிருந்து அவள் குரலே உறுமியது. கிரீஸ் கறை போகாத விரல்களால் போனை ஏதோ மின்கம்பியைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு, மனிதர் மும்முரமாக இருந்தார். எதிரே மலைபோல ஒரு பிராணி. முட்டாண்டி ஒருமுறை எழுந்தான், ஓடினான், அறை வாங்கிச் சத்தமில்லாமல் சாய்ந்தான்.

"எத்தனை நாளா இது?"

"கொஞ்ச நாளா" என்றார், மாட்டிக்கொண்ட முகத்துடன். "ஒரு தடவைகூட ஜெயிக்கலை. வேற ஏதாவது எடுத்துக்கோன்னு விளையாட்டே சொல்லுது. எடுக்கறதா இல்லை."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நல்ல கொம்பால முட்ட விடறீங்க. கழுத்தை இந்தப் பக்கம் திருப்புங்க."

"இப்படியா?"

"ம். இப்போ விடுங்க."