ஒப்புதல் வந்த பிறகு சொல்லுறன்

"திருத்திய ஆய்வுத் திட்டம் கிடைத்துப் பத்து வேலை நாட்களுக்குள் அறநெறிக் குழு தன் முடிவை அறிவிக்க வேண்டும்." விதி இது. சுருக்கமான, நல்ல விதி. அரசாங்கக் கந்தோரில் சுற்றறிக்கை எழுதியே காலம் கழித்த நானே எழுதியிருந்தாலும் இதைவிடத் தெளிவாக எழுதியிருக்கமாட்டேன்.

எந்த ஊர் விதி என்கிறீர்களா? ஐரோப்பாவில் ஒரு சின்ன நாடு. பெயர் வேண்டாம். அங்கே பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகம் படிப்பிக்கிறவர்கள் எல்லோரும் ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடலாம். நாட்டைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி!

அந்த நாட்டிலிருந்து லீனா என்ற ஆய்வு மாணவி இங்கே சிட்னியில், பரமட்டாவில் ஒரு கருத்தரங்குக்கு வந்திருந்தாள். ஓய்வு பெற்றவர்களுக்கு அனுமதி இலவசம்; தேநீரும் உண்டு. விடுவோமா? பென்டில் ஹில்லில் இருந்து நான், செவன் ஹில்ஸில் இருந்து என் நண்பர் சதாசிவம்.

சதாசிவம் ஒரு காலத்தில் எங்கள் நாட்டின் வடக்கே ஒரு சின்னத் தீவுக்கு உதவி அரசாங்க அதிபர்; நிவாரணம் வரைக்கும் அவர் கையெழுத்தில்தான். சிட்னிக்கு வந்த பிறகு களஞ்சியம் ஒன்றில் பெட்டி அடுக்கினார். அங்கேயும் கையெழுத்து வாங்காமல் ஒரு பெட்டியை வெளியே விட்டதில்லை என்பார்கள்.

லீனாவின் ஆராய்ச்சி இதுதான்: எல்லோரும் எல்லோருக்கும் சொந்தமாக இருக்கிற ஒரு சின்ன நாட்டில் அரச அதிகாரி ஒருவர் பாரபட்சம் இல்லாமல் நடப்பது எப்படி?

கேள்வி நேரத்தில் சதாசிவம் எழுந்தார். குரல் அப்போதே கரகரத்தது. நிவாரணத்துக்கு ஒருவர் விண்ணப்பிக்கிறார், தகுதி இல்லை, ஆனால் அவர் உங்கள் மச்சான்... என்ன செய்வீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று திருப்பிக் கேட்டாள் லீனா.

சதாசிவம் சிரித்தார். இத்தனை காலத்தில் யாருமே தன்னிடம் அதைக் கேட்டதில்லை என்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார். பதில் சொல்லவில்லை!

அவளுக்கு அந்தப் பதில் வேண்டும். ஆனால் வெளிநாட்டவர் ஒருவரைப் பேட்டி காண அவளுடைய ஆய்வுத் திட்டத்தில் திருத்தம் வேண்டும். திருத்தத்துக்குப் பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஊருக்குப் போய் விண்ணப்பிக்கிறேன், ஒப்புதல் வந்ததும் ஸூமில் பேசலாம் என்றாள். பத்து வேலை நாட்கள்தானே?

சதாசிவம் அன்றிரவே தயாராகிவிட்டார். குறிப்புகூட எழுதவில்லை. எல்லாம் தலைக்குள் இருக்கிறதாம்.

அதற்குள் அந்தக் கரகரப்புக்குக் காரணம் தெரிந்தது. குரல்வளையில் புற்றுநோய். குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். பிறகு கருவி வைத்துப் பேசப் பழகலாம். ஆனால் இந்தக் குரல் இனி வராது. ஒரு செவ்வாய்க்கிழமை நாள் குறித்தார்கள்.

பத்து வேலை நாட்கள் வந்தன, போயின. லீனாவிடமிருந்து வருத்தத்தோடு ஒரு மின்னஞ்சல். குழுத் தலைவர் அவளுக்குப் படிப்பித்தவர், விதிப்படி விலகிவிட்டார். செயலாளர் அவளுடைய ஒன்றுவிட்ட அக்காவின் கணவர், அவரும் விலகிவிட்டார். இன்னொருவர் கோடை வீட்டில் அவளுக்குப் பக்கத்து வேலி. கூட்டத்துக்கு ஆள் போதவில்லை. வெளியார் ஒருவரை நியமிக்க வேண்டும்... அங்கே கோடை விடுமுறை.

அவள் எதை ஆராய்ந்தாளோ அதுவே அவளைப் பிடித்துக்கொண்டது. யாரைக் குறை சொல்வது? எல்லோரும் சரியாக நடந்தார்கள். தவறு செய்தவர் ஒருவராவது இருந்திருந்தால் முறைப்பாடு எழுதியிருப்பேன்.

சத்திரசிகிச்சைக்கு முந்திய ஞாயிறு சதாசிவம் வீட்டுக்குப் போனேன்.

"என்ர போனிலே சொல்லும் காணும். பதிஞ்சு வைச்சுப் பிறகு அந்தப் பிள்ளைக்கு அனுப்புவம்," என்றேன்.

"ஒப்புதல் வந்திட்டுதோ?"

"இல்லை."

"அப்ப வந்த பிறகு சொல்லுறன். முந்திச் சொன்னால் அவள் அதைப் பாவிக்க ஏலாது. பாவிச்சால் அவளின்ர ஆராய்ச்சிக்குத்தான் பழுது. உமக்குத் தெரியாத விஷயமே?"

தெரியும். அதுதான் வினை.

"சரி, எனக்காவது சொல்லுமன்?"

"உமக்கோ? நீர் பேப்பரிலே உம்மட பத்தியிலே எழுதிப்போடுவீர்!"

குசினியில் இருந்து அவர் மனைவி பவானி எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேரும் பென்ஷன் எடுத்தும் இன்னும் கந்தோரைப் பூட்டேல்லை. அண்ணை, இந்த மனுசன் மச்சானின்ர கதையை எனக்கே சொன்னதில்லை. மச்சான் எண்டுறது என்ர தம்பி! நீங்களாவது அந்த பட்டனை அமத்துங்கோவன்."

நான் அமத்தவில்லை. போனை எடுத்து மேசையில் வைத்தேன்; தேநீர் குடித்தேன்; போகும்போது சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பதிவைப் பல்கலைக்கழகம் ஏற்றிருக்காதுதான். பவானி ஏற்றிருப்பாரே? அந்த விதி அவர்களுடைய ஆராய்ச்சிக்கு. செவன் ஹில்ஸில் இரண்டு நண்பர்கள் பேசிக்கொள்வதற்கு எந்தக் குழுவின் ஒப்புதல் தேவை? இவ்வளவு விதி தெரிந்த எனக்கு, விதி எங்கே முடிகிறது என்பது மட்டும் தெரியாமல் போனது.

செவ்வாய் காலை சத்திரசிகிச்சை. நல்லபடியாக முடிந்தது.

அவர் எழும்பி உட்காரத் தொடங்கிய பிறகு வார்டுக்குப் போனேன். கழுத்தில் கட்டு. மடியில் எழுதி அழிக்கிற வெள்ளைப் பலகை. பவானி கட்டிலருகே கதிரையில்.

"இனி என்ன, அதை எழுதிக் குடுத்துவிடுமன்," என்றேன்.

தலையாட்டி மறுத்தார். பலகையில் எழுதினார்: 'எழுதினால் எனக்கு ஏத்த மாதிரித் திருத்துவன்.'

பவானி அதை வாசித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லீனாவின் புதிய மின்னஞ்சலைப் போனில் திறந்து அவரிடம் கொடுத்தேன். குழு ஒப்புதல் தந்துவிட்டது; பேட்டியை உடனே தொடங்கலாம். கோப்பு வாசிக்கிறவர் மாதிரி, கீழே கையெழுத்து வரைக்கும் ஆறுதலாக வாசித்தார். பலகையைத் துடைத்தார். வேறென்ன கேட்பார்?

'கிடைத்த திகதி?'

"புதன்கிழமை," என்றேன்.