தோசைக்கு ஒரு கத்திரிக்கோல்

மைசூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஹோட்டலில், நின்று சாப்பிடும் மேஜைக்கு எதிர்ப்பக்கம் ஒருவர் வந்து தட்டை வைத்தார். ஐம்பது வயது இருக்கும். ஒட்ட வெட்டிய தலை, இஸ்திரி போட்ட சட்டை. பையிலிருந்து சின்னக் கத்திரிக்கோலை எடுத்துத் துடைத்து, மசால் தோசையைச் சதுரம் சதுரமாக வெட்ட ஆரம்பித்தார். தோசைக்கு இப்படியொரு அவமானத்தை நான் பார்த்ததில்லை.

“கை எதற்கு இருக்கிறது?” என்று கன்னடத்தில் கேட்டுவிட்டேன்.

நான் போனில் தமிழில் பேசியதைக் கேட்டிருப்பார் போல. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துத் தமிழில் பதில் சொன்னார்.

“கொரியாவுல ஃபேக்டரி வேலைல இருந்தனுங்க. தெருவுல தள்ளுவண்டிக்காரம்மா ஒருத்தங்க, காரக் கொழம்புல நீள நீளமா அரிசிக் கொழுக்கட்டை போட்டுத் தருவாங்க. அங்க மாதிரி ரெண்டு குச்சியப் புடிச்சு எடுக்க எனக்கு வராது, வழுக்கி உழுந்துருமுங்க. அந்தம்மா அதப் பாத்துட்டு கத்திரிக்கோல்ல சின்னச் சின்னதா வெட்டிக் குடுத்தாங்க. அப்புறம் என்னையத் தூரத்துல பாத்தாலே கத்திரிக்கோல எடுத்துருவாங்க.”

“இது அவங்க குடுத்ததா?”

“இல்லீங்க. இங்க மார்க்கெட்டுல வாங்குனது.”

“இங்கதான் குச்சியே இல்லையே. அப்புறம் எதுக்கு?”

அவர் வெட்டுவதை நிறுத்தவில்லை.

“கையில தின்னா ஒருத்தரும் எதுவும் கேக்கறதில்லீங்க. இத எடுத்தா யாராச்சும் கேப்பாங்க. அந்தம்மாளப் பத்திச் சொல்லலாம்.”

என் தோசை ஆறிப்போயிருந்தது. “இதையும் வெட்டிக் குடுங்க” என்று தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.