வசந்தி அக்காவின் பிளையர் யாரிடம் இருக்கிறது?

பி விங் வசந்தி அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார் என்ற செய்தி, நம் குடியிருப்பின் தமிழ் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. நீங்கள் எல்லோரும் கும்பிடும் கைகளை வரிசையாகப் போட்டீர்கள். காரியமெல்லாம் முடிந்தபின் அவர் கணவர் சுந்தரம் அண்ணன் அதே குழுவில் எழுதினார்: "வசந்தியோட பிளையர், டார்ச், இன்ச் டேப் யார்கிட்டயாச்சும் இருந்தா குடுத்துருங்க. பையில கத்தி மட்டுந்தான் இருக்குது." ஒருவர்கூடப் பதில் போடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் பையைத் தெரியாதவர் இங்கே யார்? கோயம்புத்தூரிலிருந்து இந்தப் புனே ஔந்துக்கு வந்த நாள் முதல் அது அக்காவின் தோளிலேயே கிடந்தது. மடக்குக் கத்தியை மட்டும் யாருக்கும் தரமாட்டார்; பதம் போய்விடுமாம். மற்றதையெல்லாம் கேட்டவருக்குக் கேட்டபடி கொடுப்பார். "கத்தி வெட்டும் கண்ணு, அவ்வளவுதான். புடிக்க ஒண்ணு, பாக்க ஒண்ணு, மறுபடி சேத்துக் கட்ட ஒண்ணு வேணுமல்ல?" என்பார்.

அது எனக்கு நடுரோட்டில் புரிந்தது. ஒரு மாலை அக்காவோடு போகையில் என் முந்தானை ஸ்கூட்டர் சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. பின்னால் அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்க, அக்கா டார்ச்சைப் பல்லில் கடித்தபடி குந்தி உட்கார்ந்து, துணியை அறுத்து, அச்சில் சுற்றியதைப் பிளையரால் உருவி, மிச்சச் சேலைக்கு ஊக்குக் குத்திவிட்டார். கூடவே திட்டும் கிடைத்தது. "சேலை கட்டுனா போதுமா? முந்தானைய இழுத்துச் செருகோணும்!"

கோபம் வரவைப்பதிலும் அக்கா குறைந்தவரில்லை. பிம்ப்ரிக்குப் போக மெட்ரோ ஏறப்போனால் வாசல் சோதனையிலேயே கத்தியைப் பார்த்துத் தடுப்பார்கள். விட்டுவிட்டு வாருங்கள் என்று கெஞ்சினாலும் கேட்கமாட்டார். "அதில்லாம மத்ததெல்லாம் எதுக்கு?" என்று, கொளுத்தும் வெயிலில் என்னையும் பஸ்ஸுக்கு இழுத்துப்போவார். வழி முழுக்க நான் முணுமுணுப்பேன்.

சரி, பதில்தான் போடவில்லை, நேரிலேயே கேட்போம் என்று வீடு வீடாக ஏறினேன். சி விங் கணேஷ் பிளையரைக் கையில் வைத்துக்கொண்டே சொல்கிறார்: "இதா? இது ரெண்டு வருஷமா நம்மகிட்டதானே இருக்கு!" அதனால் அவருடையது ஆகிவிடுமாம். மேல்மாடிப் பிரியா, "டார்ச் கார்ல இருக்கு ஆன்ட்டி, கார் சென்னை போயிருக்கு" என்கிறாள். டேப் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கா செத்ததற்கு அழுதவர்கள்தான் எல்லோரும்.

கணேஷிடம் பிடுங்காத குறையாக வாங்கிய பிளையரோடு பி விங் போனேன். அந்த எரிச்சலை அண்ணனிடமே கொட்டினேன். "உங்களுக்கு ஒரு ஸ்க்ரூகூடத் திருப்பத் தெரியாது. இதெல்லாம் எதுக்குண்ணா இப்ப?"

"தெரியாது அம்மிணி," என்றார். "பை முழுசா இருந்தா, யாராச்சும் கேட்டு வந்து கதவத் தட்டுவாங்கல்ல. காரியத்துக்கு வந்துட்டுப் போனதோட சரி, அப்புறம் ஒருத்தரும் தட்டல."

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, கேட்டால் கொடுப்பார்கள் என்று நம்பிப் போய் நிற்கிற அந்தத் தைரியம்தான். என் வீட்டில் நல்ல பிளையர் இருக்கிறது. ஆனாலும் இன்று மாலை பி விங்கில் மணியடித்து அக்காவின் பிளையரைக் கேட்கப்போகிறேன். நாளைக்குத் திருப்பிக் கொடுக்க மறுபடி போவேன். அதற்கப்புறம் உங்களில் யாராவது போய்க் கேளுங்கள்.