குத்தாத நாதஸ்வரம்

ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்து என் மனைவிக்குக் கூரான சத்தம் ஆகாது. பாத்திரம் விழுந்தாலே காதுக்குள் ஊசி ஏற்றியதுபோல் முகம் சுருங்கிவிடும். கோயில் திருவிழாவுக்கும் போவதை விட்டாள். அங்கே ஒலிபெருக்கி கட்டுபவர்களுக்குச் சாமி செவிடு என்று நினைப்பு. அவளுக்கோ உலகத்தில் பிடித்த ஒரே வாத்தியம் நாதஸ்வரம். அதைக் குத்தாமல் கேட்க வேண்டுமாம். கேட்கிற வரத்தைப் பாருங்கள்.

கனடாவிலிருந்து மகன் அனுப்பிய பளபளப்பான ஸ்பீக்கர் வீட்டில் இருந்தது. அதில் நாதஸ்வரம் தகரத்தைக் கீறியதுபோல் வந்தது. அதை அலுமாரிக்குள் தள்ளிவிட்டு, இருவரும் வேலணையிலிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணத்துக்குப் போனோம்.

முதல் இரண்டு கடைகளிலும் நெஞ்சு அதிர்கிற சத்தத்தையே காட்டினார்கள். "வீடு இடியிறதுக்கே சாமான் விக்கிறீர்?" என்று ஒருவரோடு சண்டையும் போட்டேன். கடைசியில், பழைய சாமான்கள் விற்கும் கடையொன்றில் அவளைக் கதிரையில் இருத்தி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். பக்கத்தில் நின்ற என் சட்டைக் கையை அவள் பிடித்திருந்தாள். குத்தினால் இழுப்பாள். வாய் திறந்து சொல்லமாட்டாள், கடைக்காரர் மனம் நோகுமாம்.

பழைய அம்பிளிபயர் ஒன்றும், கடதாசிக் கூம்பு வைத்த மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டும் வந்தன. மேல் சுருதிக்கான சின்ன ஸ்பீக்கர் உலோகமில்லை, துணியால் செய்தது. நாதஸ்வரம் மேலே ஏறியது. நான் இழுப்பை எதிர்பார்த்து நின்றேன். அவள் கை தளர்ந்து மடியில் விழுந்தது. கண்ணை மூடியிருந்தாள்.

"இது குத்தேல்லை," என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாமான்கள் கடைக்காரரின் வான் வண்டியில் வந்து இறங்கின. நான் வயர்களைப் பூட்டிச் சுவிச்சில் கை வைக்க, அவள் தடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்குச் செவ்வாய். நாளைக்கு அட்டமி, நாளையிண்டைக்கு நவமி. வெள்ளிக்கிழமை போடுவம்."

"ஆரோ கேட்டுத் தேஞ்ச சாமானுக்கு என்ன நாளும் கோளும்?"

"எங்களுக்குப் புதுசுதானே."

நல்லநாள் பார்ப்பதில் அவளை வெல்ல என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை. பெட்டிகளின் மேல் ஒரு சேலையைப் போர்த்தினாள். வியாழக்கிழமை காலை, குசினிக்குள் அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவள் எழும்பவேயில்லை. அட்டமியையும் நவமியையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். துக்கத்துக்கு வந்தவர்கள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

சாவுத் துடக்குள்ள வீட்டில் பாட்டுப் போடுவதில்லை. நாதஸ்வரம் கூடவே கூடாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை சேலை போர்த்தியபடி இருந்தது. அது முடிந்து வந்த வெள்ளிக்கிழமை, சேலையை எடுத்து மடித்துவிட்டு, அவளுடைய கதிரையைக் கடையில் இருந்ததுபோலப் போட்டு, பக்கத்தில் நின்று சுவிச்சைத் தட்டினேன்.

அவள் ஆசைப்பட்ட மாதிரியே வந்தது, கொஞ்சமும் குத்தவில்லை. எனக்குத் தாங்கவில்லை. ஒலியைக் கூட்டினேன். பிறகும் கூட்டினேன். ஒலிக் குமிழ் அதற்குமேல் திரும்பாத இடம்வரை கூட்டினேன். யன்னல் கண்ணாடி நடுங்கியது, எனக்கே காது வலித்தது. சட்டைக் கையை ஒருவரும் இழுக்கவில்லை.