மயிலிட்டிப் பிள்ளையும் பீப் ரெஸ்ற்றும்

1

கொரோனா ஓய்ந்து, கல்லூரி விளையாட்டுப் பிரிவுக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்த முதல் நாள். ஓடினவர்களை விட மைதானத்தில் படுத்துக் கிடந்தவர்கள்தான் கூட.

அந்தக் கல்லூரியில் நான் மைதான உதவியாளன். பீப் ரெஸ்ற்றுக்கு இரண்டு சுண்ணாம்புக் கோடு போடுவதும், பீப் பெட்டியை இயக்குவதும் என் வேலை. சத்தம் வருமுன் ஒரு கோட்டிலிருந்து மற்றதுக்கு ஓட வேண்டும். போகப் போகச் சத்தம் கெதியாக வரும். பிந்தினால் வெளியே. கன நேரம் தாக்குப்பிடித்து ஓடுபவருக்கு மூச்சுப் பலம் கூட.

பள்ளிக்கூடத்தில் கப் வாங்கிய பெடியள் தொடக்கத்திலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பயிற்றுநர் சேர் என்னைத்தான் முதலில் பார்த்தார்.

"சிவமண்ணை, கோட்டைத் தள்ளிப் போட்டிட்டியளோ?"

"முருகனாணை, அளந்துதான் போட்டனான் சேர்."

நம்பவில்லை. தானே நாடா பிடித்து அளந்தார். சரியாக இருந்தது. பெட்டி பிழை என்றார். தன் போனில் போட்டுப் பார்த்தார். அதுவும் அதே வேகம்.

"வீட்டிலை கிடந்து போனை நோண்டினால் உப்பிடித்தான்" என்று பெடியளை ஏசினார்.

"சேர், வீட்டு முத்தத்துக்கு இறங்கவே அம்மா விடேல்லை" என்றான் ஒருவன், மூச்சு இளைத்தபடி.

2

பெண்பிள்ளைகளிலும் அதே கதை. மயிலிட்டியிலிருந்து வந்த தர்மிகா மட்டும் நிற்கவில்லை. மற்றவர்கள் எல்லாரும் விழுந்த பிறகும் தனியே ஓடினாள். சேர் அவளைக் கூப்பிட்டார்.

"எல்லாம் அடைச்சுக் கிடக்கேக்கை நீ எங்கை ஓடிப் பழகினனி?"

"ஓடேல்லை சேர்."

"ஓடாமல் உந்த மூச்சு எப்பிடி வந்தது? ஏதும் ஊக்க மருந்துக் குளிசை போட்டனியோ?"

"இல்லை சேர்" என்று மட்டும் சொன்னாள். சேர் பேனையை எடுத்தார். "சொல்லாட்டிப் பேருக்கு நேரே சந்தேகம் எண்டு எழுதுவன். பிறகு இடம் கிடையாது."

கேற்றடியில் காத்திருந்த தாய் கேட்டுவிட்டு ஓடி வந்தா.

"சேர், கோயில் ஐயாவைப் பொலிசிலை குடுக்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ. நான் சொல்லுறன்."

"அம்மா, பேசாமல் இரணை!" என்றாள் மகள்.

"நீ இரு. உன்ரை படிப்பெல்லோ போகப்போகுது."

சேர் தலையாட்டினார். தாய் சொன்னா. தகப்பனைக் கொரோனா என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளில் இவள் அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறாள். ஊரடங்கு, கோயிலும் பூட்டு. பூசை செய்யும் ஐயா நாளும் பொழுது விடிய முன்னம் பின்கதவைத் திறந்துவிடுவாராம். இவள் கோயில் மதிலுக்குள், உள்வீதியில் அடி அழிப்பாள். அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு, எழும்பி, வீதியைச் சுற்றி வருவது.

"தகப்பன் வந்த பிறகும் மூச்செடுக்கக் கஷ்டப்பட்டார். அது மாறுமட்டும் இவள் விடேல்லை."

சேரின் முகத்தில் சந்தேகம் போகவில்லை. "எங்கை, இதிலை ஒருக்காச் செய்து காட்டு பாப்பம்."

"அது அம்மனுக்கு, சேர். உங்களுக்குக் காட்டுறதுக்கு விழமாட்டன்" என்றாள். பிறகு மெதுவாக, "ஓடச் சொல்லுங்கோ. திரும்பவும் ஓடுறன்."

பெட்டியைப் போட்டேன். கால் கோட்டைத் தொடுகிறதா என்று சேர் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு தரமும் பிந்தவில்லை. கடைசியில் சேர் தானே வந்து பெட்டியை நிற்பாட்டினார்.

"காணும் பிள்ளை. போய்த் தண்ணி குடி."

அவளை எடுத்தார்கள். விழுந்த பிள்ளைகளுக்கும் சில மாதம் பயிற்சி கொடுத்து, திரும்ப ஓட விட வேண்டும் என்று சேர் மேலிடத்தில் கேட்டு அனுமதி வாங்கினார்.

3

இந்த வேலைக்கு வரும் இளம் ஆட்களுக்கு ஒன்று சொல்வேன். கோடுகளை அளந்து பாருங்கள், பெட்டியைச் சோதியுங்கள், அதில் பிழையில்லை. ஆனால் அந்த நோய்க் காலத்தில் வளர்ந்த பிள்ளை விழுந்தாலும் விழாமல் ஓடினாலும், பேனையை எடுக்க முன்னம் வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அதையும் தாயை ஓடிவர வைக்காமல், ஆறுதலாகக் கேளுங்கள்.