என் விலாசத்தில் இன்னொருவர்

எண்பதுகளின் கடைசியில், லண்டன் இல்ஃபோர்டில் எனக்கு வான் ஓட்டும் வேலை சரிவந்தது. ஆனால் காப்புறுதி நிறுவனம் காரணம் சொல்லாமல் என்னைச் சேர்க்க மறுத்துவிட்டது. காப்புறுதி இல்லாமல் வேலையில்லை. முதலாளி இரண்டு மாதம் பொறுப்பதாகச் சொன்னார்.

நூலகத்தில் வேலை செய்த நண்பர், "உங்களைப் பற்றிக் கொம்பியூட்டரில என்ன கிடக்கெண்டு கேட்டு வாங்கலாம் அண்ணை. சட்டம் இருக்கு" என்றார்.

மனைவி பயந்துபோனார். "எங்கட ஃபைலை நாங்களே போய்க் கேட்கிறதோ? பேசாமல் இருங்கோ."

இருந்தும் காப்புறுதி நிறுவனத்துக்குக் கடிதம் போட்டேன். நாற்பது நாளுக்குள் பதில் தரவேண்டுமாம், தந்தார்கள். என் விலாசத்தில், என் பிறந்த திகதியில் இரண்டு பேர் இருந்தார்கள்: கந்தையா யோகராசா, யோகராசா கந்தையா. கந்தையா என் அப்பா. அவர் பெயரை ஊர் வழக்கப்படி ஒரு படிவத்தில் முன்னுக்கும், இந்நாட்டு வழக்கப்படி இன்னொன்றில் பின்னுக்கும் எழுதியவன் நானேதான். ஆள்மாறாட்டம் என்று சந்தேகித்திருக்கிறார்கள்.

விளக்கி எழுதினேன். திருத்தினார்கள். வேலை கைவிட்டுப் போகவில்லை.

இப்போது எந்தப் படிவத்திலும் அப்பா பின்னுக்குத்தான். அவர்கள் அனுப்பிய பதிலை மனைவி பாஸ்போர்ட்டுகளோடு வைத்திருக்கிறார். ஊரில், தேடப்படுவோரின் ஏதோ பட்டியலில் என் பெயர் இருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் ஓடிவந்தேன். இங்கே என் பெயர் இருந்த பட்டியலையே தபாலில் அனுப்பி, சரிதானா என்று என்னைக் கேட்டார்கள்.